அப்பா அம்மா அமெரிக்கா வருகிறார்கள்: மருத்துவ இன்சூரன்ஸ் எடுப்பதா வேண்டாமா, எப்படி முடிவு செய்வது?

டிக்கெட் போட்டாயிற்று, விசா வந்தாயிற்று, அம்மா வடாமும் ஊறுகாயும் எடை பார்த்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறார், அந்த நேரத்தில்தான் இந்தப் பேச்சு வரும். யாராவது "இன்சூரன்ஸ் போட்டாச்சா?" என்று கேட்பார்கள். அப்பா உடனே "ஆறு மாசத்துக்கு எதுக்குடா அவ்வளவு காசு, எனக்கு என்ன வந்துடப் போகுது" என்பார், மகன் இங்கே அமெரிக்காவில் ஆபீஸ் வேலைக்கு நடுவில் ஏதோ ஒரு இணையதளத்தில் இருப்பதிலேயே மலிவானதைப் பார்த்துப் பணத்தைக் கட்டிவிடுவான். முதல் தடவை நானும் அப்படித்தான் செய்தேன். அதனால் பட்ட சிரமத்தைக் கீழே சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பட்ட பிறகுதான் எதை எந்த வரிசையில் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்கும் கேள்விகள் இவைதான், பதில்தான் மாறும்.

முதல் கேள்வி: அந்த நாடே கட்டாயம் என்கிறதா?

சில நாடுகள் முடிவை நம் கையில் விடுவதே இல்லை. ஐரோப்பா போக ஷெங்கன் விசா எடுக்கிறீர்கள் என்றால் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்டியாக வேண்டும், அதில் அவசர சிகிச்சை, ஆஸ்பத்திரிச் செலவு, ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு எல்லாம் அடங்க வேண்டும், ஷெங்கன் நாடுகள் அத்தனையிலும் செல்லுபடியாக வேண்டும். கனடாவுக்குப் பெற்றோரை சூப்பர் விசாவில் அழைத்தால் குறைந்தது 1 லட்சம் கனடா டாலருக்கு, நுழையும் நாளிலிருந்து ஒரு வருடத்துக்கு பாலிசி வேண்டும். வெறும் கொட்டேஷனைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள், பணம் கட்டியிருக்க வேண்டும். ஆஸ்திரேலியா விசிட்டர் விசாவில் 8501 என்ற நிபந்தனை எண் போட்டிருந்தால், அங்கே இருக்கும் காலம் முழுக்க இன்சூரன்ஸ் வைத்திருக்க வேண்டும் என்று அர்த்தம், விசா கடிதத்தைத் திறந்து அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். சவூதியின் சுற்றுலா இ-விசாவில் காப்பீட்டுக் கட்டணம் விசா கட்டணத்தோடேயே சேர்ந்து வந்துவிடும்.

பெற்றோர் பார்க்க வரும் அமெரிக்காவின் பி1/பி2 விசிட்டர் விசாவுக்கு இப்படி எதுவும் கிடையாது. இன்டர்வியூவிலும் கேட்க மாட்டார்கள், ஏர்போர்ட்டிலும் கேட்க மாட்டார்கள். யாரும் கேட்கவில்லையே, அப்படியானால் தேவையில்லை போலிருக்கிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உலகத்திலேயே மருத்துவச் செலவு அதிகமான நாட்டில் போய் இதை விடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவர்களுக்கு அப்போது தெரிவதில்லை.

இரண்டாவது: ஏற்கெனவே கையில் இருப்பது ஏதாவது உதவுமா?

பெரும்பாலும் உதவாது. அப்பா ஓய்வுபெற்ற அரசு ஊழியர் என்றால் மாநில அரசின் ஓய்வூதியர் காப்பீட்டு அட்டை இருக்கும், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கலாம், 70 வயது தாண்டியிருந்தால் ஆயுஷ்மான் பாரத் அட்டையும் இருக்கலாம். இவை எல்லாம் நம் நாட்டில், அந்தத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் மட்டும் செல்லும். தனியாகப் பிரீமியம் கட்டி எடுத்த, குடும்பத்துக்கே பொதுவாக ஒரு தொகை இருக்கும் ஃபேமிலி ஃப்ளோட்டர் பாலிசியும் பொதுவாக அப்படித்தான். வெளிநாட்டிலும் செல்லும் என்று விலை உயர்ந்த சில பாலிசிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றிலும் திட்டமிட்ட சிகிச்சைக்கா அவசரத்துக்கா, அமெரிக்கா சேர்த்தியா இல்லையா என்று பாலிசியில் வரி வரியாகப் பார்க்க வேண்டும்.

மகனுக்கோ மகளுக்கோ இங்கே கம்பெனி கொடுத்த நல்ல இன்சூரன்ஸ் இருக்கும், அதில் அப்பா அம்மாவைச் சேர்த்துவிடலாம் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். இந்தியாவில் பல கம்பெனிகள் பெற்றோரையும் சேர்க்கின்றன, அதனால் அந்த நினைப்பு இயல்புதான். இங்கே மனைவி அல்லது கணவன், குழந்தைகள், அவ்வளவுதான். விசிட்டர் விசாவில் வந்த பெற்றோரைச் சேர்க்க வழி இருக்காது. கிரெடிட் கார்டு இலவசமாகத் தரும் டிராவல் இன்சூரன்ஸ் பற்றியும் கேட்பார்கள். அதில் பெரும்பாலும் விமான விபத்து, பெட்டி தொலைவது போன்றவைதான் இருக்கும், மருத்துவம் இருந்தாலும் தொகை சிறியதாக இருக்கும். கார்டின் விதிமுறைத் தாளைப் பார்க்காமல் அதை நம்பி யாரையும் விமானம் ஏற்றாதீர்கள்.

மூன்றாவது: அங்கே ஒன்று ஆனால் எவ்வளவு ஆகும், யார் கட்டுவது?

நாட்டுக்கு நாடு இது முற்றிலும் வேறு. பிரிட்டனில் விசிட்டராகப் போன ஒருவர் எமர்ஜென்சி வார்டுக்குப் போனால் அங்கே பார்ப்பதற்குக் காசு இல்லை, ஆனால் அட்மிட் செய்துவிட்டால் என்ஹெச்எஸ் என்ற அந்நாட்டு அரசு மருத்துவ சேவை கணக்கிடும் செலவில் 150 சதவீதம் கட்ட வேண்டும், 500 பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்தால் அடுத்த விசாவுக்குச் சிக்கல் வரலாம். சிங்கப்பூரில் விசிட்டர்களுக்கு மானியம் கிடையாது, சேர்க்கும்போதே டெபாசிட் கேட்பார்கள்.

அமெரிக்காவில் முன்பணம் கேட்டு வாசலில் நிறுத்த மாட்டார்கள். 1986-இல் வந்த எம்டாலா என்ற சட்டப்படி எமர்ஜென்சிக்கு வந்தவரைக் காசு இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, அவசர நிலை இருந்தால் உடல்நிலையைச் சீர்படுத்த வேண்டும். இந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்ட சிலர் "அமெரிக்காவில் எமர்ஜென்சி இலவசமாமே" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அது தவறு. சட்டம் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று மட்டும்தான் சொல்கிறது. பில் பிறகு வீட்டுக்கு வரும். ஆம்புலன்ஸ் ஏறினாலே ஆயிரம் டாலர் தாண்டுவது சாதாரணம், எமர்ஜென்சியில் ஒரு ராத்திரி ஸ்கேனோடு போனால் சில ஆயிரம், மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தால் பல்லாயிரம், சில சமயம் ஒரு லட்சம் டாலரை நெருங்கும். ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு லட்சம் டாலர் 85 லட்சம் ரூபாய். ஊரில் ஒரு வீட்டின் விலை.

எங்கள் வீட்டில் நடந்தது இது. அப்பாவுக்கு அப்போது 67 வயது, பத்து வருடமாக சுகர். நியூ ஜெர்சிக்கு வந்து இரண்டாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்தே மேல் வயிறும் நெஞ்சும் ஒரு மாதிரி அடைக்கிறது என்று இருந்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. கேஸ்தான், ஓமத்தண்ணி குடித்தால் போய்விடும் என்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். ராத்திரி பதினொரு மணிக்கு வியர்த்துக் கொட்டி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தோம். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, சி.டி. ஸ்கேன், எக்கோ என்று இரண்டு ராத்திரி வைத்திருந்து பார்த்தார்கள், இதயத்தில் ஒன்றுமில்லை, பித்தப்பையில் கல் என்று சொல்லி, ஊருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள். மனசு லேசாகி வீட்டுக்கு வந்தோம்.

மூன்று வாரம் கழித்து கவர்கள் வரத் தொடங்கின. ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்று, எமர்ஜென்சி டாக்டர்கள் தனி நிறுவனமாம், அவர்களிடமிருந்து ஒன்று, ஸ்கேன் படத்தைப் பார்த்துச் சொன்ன டாக்டரிடமிருந்து ஒன்று, இதய டாக்டரிடமிருந்து ஒன்று, ஆம்புலன்ஸ் ஒன்று. ஐந்தையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துக் கூட்டினால் 21,000 டாலருக்கு மேல். அப்பா அன்றைக்கு முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. நான் எடுத்திருந்த பாலிசியில் 50,000 டாலர் என்று பெரிதாகப் போட்டிருந்தது, அதனால் பயமில்லை என்று அவரிடம் சொன்னேன். கடைசியில் அவர்கள் கொடுத்தது 2,000 டாலருக்கும் கீழே. காரணம் இரண்டு. ஒவ்வொரு செலவுக்கும் ஒரு தனி உச்சவரம்பு இருந்தது, அதை நான் படிக்கவில்லை. இரண்டாவது காரணம் எனக்கு அதுவரை தெரியவே தெரியாது: அந்த இரண்டு ராத்திரியும் ஆஸ்பத்திரிக் கணக்கில் அவர் 'அட்மிட்' ஆகவே இல்லை, 'அப்சர்வேஷன்', அதாவது கண்காணிப்பில் மட்டும் வைத்திருக்கிறார்கள் என்று பதிவாகியிருந்தது, அதனால் நாள் வாடகைக்கான தொகையும் கிடையாது என்றார்கள். கட்டிலில் படுத்திருந்தார், ட்ரிப் ஏறியது, பக்கத்தில் நான் இரண்டு ராத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், ஆனாலும் அட்மிஷன் இல்லை. பாலிசியின் வாசகப்படி அவர்கள் சொன்னது சரிதான்.

ஆகவே இன்சூரன்ஸ் எடுப்பதா வேண்டாமா என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்கிறோம். இந்த மனிதருக்கு, இந்த உடம்புக்கு, என்ன வர வாய்ப்பிருக்கிறதோ அதற்கு இந்தப் பாலிசி உண்மையில் பணம் கொடுக்குமா என்பதுதான் மீதிப் பாதி. கொடுக்காத பாலிசியை எடுப்பதற்குப் பதில் அந்தக் காசை அப்படியே வங்கியில் வைத்திருக்கலாம்.

இரண்டு வகை பாலிசி, ஒரு கணக்கு

அமெரிக்காவில் விசிட்டர்களுக்கென்று விற்கும் பாலிசிகள் இரண்டு வகை. ஒன்று ஃபிக்ஸட் பெனிஃபிட், ஒவ்வொரு செலவுக்கும் இவ்வளவுதான் என்று எழுதிவைத்தது. இன்னொன்று காம்ப்ரிஹென்சிவ், மொத்த பில்லில் நம் பங்கு போக மீதியைக் கொடுப்பது. முதல் வகை மலிவு, அதனால் மலிவானதிலிருந்து அடுக்கும் பட்டியலில் எப்போதும் முதலில் நிற்கும்.

கணக்குக்காக ஒரு 30,000 டாலர் பில்லை எடுத்துக்கொள்வோம், மூன்று நாள் ஆஸ்பத்திரி, ஓர் ஆபரேஷன். ஃபிக்ஸட் பாலிசியில் நாளுக்கு 1,500, ஆபரேஷனுக்கு 3,000, எமர்ஜென்சிக்கு 350 என்று இருந்தால் கையில் வருவது 7,850 டாலர். மீதி 22,150 டாலர், கிட்டத்தட்ட 19 லட்சம் ரூபாய், நம் தலையில். காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் டிடக்டிபிள், அதாவது முதலில் நாமே கட்ட வேண்டிய தொகை, 250, அப்புறம் முதல் 5,000 டாலரில் 80 சதவீதம் அவர்கள், அதற்கு மேல் உச்சவரம்பு வரை முழுக்க அவர்கள் என்று இருந்தால் நாம் கட்டுவது 250-உம் 1,000-உம் சேர்த்து 1,250 டாலர். ஒரு லட்சத்துச் சொச்சம் ரூபாய். இரண்டு பாலிசியின் முகப்பிலும் 50,000 டாலர் என்றுதான் எழுதியிருக்கும்.

காம்ப்ரிஹென்சிவிலும் நெட்வொர்க் என்று ஒன்று உண்டு, அவர்களோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போனால் பில் நேராக அவர்களுக்குப் போகும், வெளியே போனால் நம் பங்கு கூடலாம். உங்கள் வீட்டிலிருந்து பக்கத்தில் இருக்கும் இரண்டு ஆஸ்பத்திரிகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள், பத்து நிமிட வேலை.

இந்தியக் கம்பெனி பாலிசியா, அமெரிக்கக் கம்பெனி பாலிசியா என்பது அடுத்த குழப்பம். இந்தியாவில் எடுப்பது பொதுவாக மலிவு, ரூபாயில் கட்டலாம், பெட்டி தொலைந்தது, பாஸ்போர்ட் தொலைந்தது எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுப்பார்கள், தகராறு வந்தால் இந்தியாவில் புகாரை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளர் இருக்கிறார், சென்னையிலேயே அவருக்கு அலுவலகம் உண்டு. ஆனால் 60 வயது தாண்டியவர்களுக்கான இந்தியப் பாலிசிகள் பலவற்றில் அறை வாடகை, ஐ.சி.யு., ஆபரேஷன் என்று ஒவ்வொன்றுக்கும் உள்வரம்பு வைத்திருப்பார்கள், அப்படி இருந்தால் அதுவும் ஃபிக்ஸட் மாதிரிதான். உள்வரம்பு இல்லாத திட்டம் என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அமெரிக்கப் பாலிசியில் நெட்வொர்க் ஆஸ்பத்திரிக்கு அந்தக் கார்டு பழக்கமாக இருக்கும், கவுன்டரில் நீட்டினால் பதிவு செய்துகொள்வார்கள். என் பெற்றோருக்கு இரண்டாவது தடவை நான் எடுத்தது அமெரிக்கக் காம்ப்ரிஹென்சிவ். வயதானவர்கள் அமெரிக்காவுக்கே வருகிறார்கள் என்றால் என் ஓட்டு அதற்குத்தான், விலை கூடுதலாக இருந்தாலும்.

சுகர், பிரஷர் இருப்பவர்கள் இதைப் படிக்காமல் வாங்காதீர்கள்

நம் வீடுகளில் 60 தாண்டியவர்களில் சுகரோ பிரஷரோ இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விசிட்டர் பாலிசிகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே இருக்கும் நோயை ஒதுக்கிவிடும். ஒதுக்கிவிட்டு, ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருக்கும். அமெரிக்கப் பாலிசிகளில் அதன் பெயர் அக்யூட் ஆன்செட், அதாவது பழைய நோய் கட்டுக்குள் இருக்கும்போது முன்னறிகுறி இல்லாமல் திடீரென்று முற்றினால் மட்டும் கொடுப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மோசமானால் கிடையாது, வழக்கமான செக்கப்பும் மாத்திரையும் கிடையாது. பல பாலிசிகளில் அறிகுறி தெரிந்த 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும்.

அந்த 24 மணி நேரத்தை நம் பெரியவர்களுக்கு உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு லீவு கிடைக்காது, ராத்திரி நேரத்தில் எதற்குத் தொந்தரவு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வலியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். என் அப்பா அரை நாள் அப்படித்தான் இருந்தார். "வலிச்சா உடனே சொல்லுங்க, சொல்லாம இருந்தா உடம்புக்கும் ஆபத்து, இன்சூரன்ஸ்காரனும் காசு தர மாட்டான்" என்று இந்தத் தடவை நேராகவே சொல்லிவிட்டேன். காசு என்றதும் தலையாட்டினார்.

இந்தியப் பாலிசிகளில் இந்தக் கதவு பொதுவாக 'உயிருக்கு ஆபத்தான அவசரம்' என்ற சொற்களில் இருக்கும், அதற்கும் ஒரு தனித் தொகை வரம்பு வைத்திருப்பார்கள். பாலிசி முகப்பில் 1 லட்சம் டாலர் இருக்கும், உள்ளே பழைய நோய்க்கு அதில் சிறு பங்குதான் என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்காகத்தான் மொத்த ஆவணத்தையும் படிக்கச் சொல்கிறேன். வயதுக்கும் படிகள் உண்டு, 70-இல் ஒன்று, 80-இல் ஒன்று. 70 ஆனதும் அக்யூட் ஆன்செட் சலுகையை எடுத்துவிடும் பாலிசிகள் இருக்கின்றன, 80 ஆனதும் மொத்த உச்சவரம்பே 10,000, 15,000 டாலராகச் சுருங்கும் பாலிசிகளும் இருக்கின்றன. பயணத்துக்கு நடுவில் பிறந்தநாள் வருகிறதா என்றும் பாருங்கள்.

விண்ணப்பத்தில் நோயைக் கேட்டால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். "சுகர்னு போடாதீங்க சார், பிரீமியம் ஏறிடும்" என்று சொல்லும் ஏஜென்ட் இருப்பார், க்ளெய்ம் நேரத்தில் அவர் போனை எடுக்க மாட்டார். ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதுதான், அது கேஸ் ஷீட்டில் ஏறும், கேஸ் ஷீட் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும், மறைத்தது அங்கேயே வெளியே வந்துவிடும்.

யாருக்கு எடுக்காவிட்டாலும் பரவாயில்லை?

எல்லாருக்கும் பெரிய பாலிசி வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். 28 வயதுப் பையன், நோய் எதுவுமில்லை, நான்கு நாள் பாங்காக் போகிறான், வீட்டில் அவசரத்துக்கு ஐந்தாறு லட்சம் புரட்ட முடியும் என்றால், அவன் எடுக்காமல் போவதை முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது. ஆனால் நான்கு நாளுக்கான பிரீமியம் அங்கே ஒரு நல்ல ஹோட்டல் சாப்பாட்டுக்கு ஆகும் அளவுதான் இருக்கும், அதனால் எடுத்துவிட்டுப் போ என்றுதான் சொல்வேன். அங்கே வாடகைக்கு ஸ்கூட்டர் ஓட்டப் போகிறான் என்றால் இரு சக்கர வாகன விபத்து சேர்த்தியா, எந்த லைசென்ஸ் இருந்தால் சேர்த்தி என்று பார்க்க வேண்டும். மலையேற்றம், ஸ்கூபா டைவிங் எல்லாம் பல பாலிசிகளில் தனியாகக் காசு கட்டினால்தான் உண்டு.

முடிவு செய்ய எனக்குத் தெரிந்த எளிய வழி: அந்த நாட்டில் வரக்கூடிய பெரிய பில்லை ஒரு தாளில் எழுதுங்கள், அதன் பக்கத்தில் கடன் வாங்காமல், நகையை வைக்காமல், வீட்டை விற்காமல் உங்களால் ஒரு வாரத்தில் புரட்ட முடிந்த தொகையை எழுதுங்கள். இரண்டாவது பெரிதாக இருந்தால் உங்கள் விருப்பம். முதலாவது பெரிதாக இருந்தால் எடுத்தே ஆக வேண்டும், அமெரிக்கா என்றால் பெரும்பாலானவர்களுக்கு முதலாவதுதான் பெரிதாக இருக்கும்.

இன்னொன்று, சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். இரண்டு மாதம் முன்புதான் ஸ்டென்ட் வைத்தார், டயாலிசிஸ் நடக்கிறது, புற்றுநோய் சிகிச்சை பாதியில் இருக்கிறது என்ற நிலையில் இருப்பவருக்கு பெரும்பாலான விசிட்டர் பாலிசிகள் அந்த நோய்க்கு உதவாது. அவருடைய டாக்டரிடம் பயணம் செய்யலாமா என்று கேளுங்கள், தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள், இந்தத் தடவை பிள்ளைகள் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

வாங்கும்போது

இந்தியப் பாலிசி என்றால் கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். அமெரிக்கப் பாலிசியை வந்திறங்கிய பிறகும் எடுக்கலாம், ஆனால் எடுப்பதற்கு முன் தொடங்கிய எந்த நோயும் அதில் சேராது, அதனால் விமானம் ஏறும் நாளிலிருந்தே தொடங்குங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கட்டும், நம் ஊர் இனிஷியல் விவகாரம் இங்கே பெரிய குழப்பம், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகப் போயிருந்தால் பாலிசியிலும் அப்படியே போடுங்கள். தங்கும் காலம் கூடினால் நீட்டிக்க முடியுமா, எத்தனை நாள் முன்பு கேட்க வேண்டும், சீக்கிரம் திரும்பினால் மீதிப் பணம் வருமா என்று மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.

தொகை எவ்வளவு என்று கேட்டால், 60 தாண்டியவர்களுக்கு அமெரிக்காவில் 1 லட்சம் டாலருக்குக் குறையாமல் எடுங்கள். டிடக்டிபிளைக் கூட்டினால் பிரீமியம் குறையும், 250-ஓ 500-ஓ வைத்துக்கொண்டு மிச்சமாகும் காசில் உச்சவரம்பைக் கூட்டுவது நல்லது. சின்ன பில்லை நாம் தாங்கிக்கொள்வோம், பெரிய பில்தான் நம்மைச் சாய்க்கும். ஊருக்குக் கொண்டுபோகும் மருத்துவ விமானச் செலவும், இறந்துவிட்டால் உடலை ஊருக்கு அனுப்பும் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அம்மா அப்பாவை வைத்துக்கொண்டு அந்த வரியைப் படிக்க மனசு வராது, எனக்கும் வரவில்லை, ஆனாலும் படித்துவிடுங்கள், அதற்கும் ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும்.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. விசிட்டர் பாலிசிகள் பெரும்பாலும் வழக்கமான மாத்திரைக்குக் காசு தருவதில்லை, அதனால் ஊரிலிருந்து டாக்டர் சீட்டோடு கொண்டுவர வேண்டும். சீட்டில் நம் ஊர் பிராண்ட் பெயரோடு மருந்தின் உட்பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள், இங்கே டாக்டருக்கு நம் பிராண்ட் தெரியாது. நாம் பாராசிட்டமால் என்பதை இவர்கள் அசிட்டமினோஃபென் என்பார்கள், மெட்ஃபார்மின் இங்கேயும் மெட்ஃபார்மின்தான். மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

ஒன்று ஆகிவிட்டால்

காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கால் சுளுக்கு என்றால் அர்ஜென்ட் கேர் என்று வைத்திருக்கும் கிளினிக்குக்குப் போங்கள், எமர்ஜென்சியில் ஆகும் செலவில் ஒரு சிறு பகுதிதான் ஆகும். நெஞ்சுவலி, ஒரு பக்கம் கைகால் வராமல் போவது, பேச்சுக் குழறல், மூச்சுத்திணறல் என்றால் யோசிக்காமல் 911, பாலிசியைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நோயாளியைச் சேர்த்த உடனே வீட்டில் ஒருவர் இன்சூரன்ஸ் கார்டின் பின்னால் இருக்கும் எண்ணை அழைத்துச் சொல்லிவிட வேண்டும், இத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று பாலிசியில் இருக்கும். படுக்க வைத்திருந்தால் இது அட்மிஷனா அப்சர்வேஷனா என்று நர்ஸிடம் கேளுங்கள். கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியையும் பரிசோதனை முடிவுகளையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பில் வந்தால் உடனே கார்டைத் தேய்க்க வேண்டாம். ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகக் காட்டும் விரிவான பில்லைக் கேளுங்கள், அதில் செய்யாத பரிசோதனை இருக்கிறதா என்று பாருங்கள். இன்சூரன்ஸ் கொடுக்காத மீதிக்கு ஆஸ்பத்திரியின் நிதி உதவிப் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம், லாப நோக்கில்லாத ஆஸ்பத்திரிகள் அப்படி ஒரு திட்டம் எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். விசிட்டருக்குக் கொடுப்பதா இல்லையா என்பது அந்தந்த ஆஸ்பத்திரியின் விதி, கேட்டால்தான் தெரியும். நாங்கள் கேட்டோம், அப்பாவின் பென்ஷன் தாளை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தோம், ஆஸ்பத்திரி பில்லில் பெரும்பகுதியைக் குறைத்தார்கள். டாக்டர்களின் பில்லையும் ஆம்புலன்ஸையும் குறைக்கவில்லை, தவணையில் கட்டி முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

இப்போது எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மேலே 911, அதன் கீழே வீட்டு முகவரி அம்மா படித்துச் சொல்லும்படி தமிழ் எழுத்தில், இன்சூரன்ஸ் அவசர எண், பாலிசி எண், பக்கத்தில் இருக்கும் நெட்வொர்க் ஆஸ்பத்திரியின் பெயர், இரண்டு பேரின் மாத்திரைப் பட்டியல். பகலில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுகிறோம், அப்பாவும் அம்மாவும்தான் குழந்தையோடு இருப்பார்கள், அதனால் வந்த முதல் வாரத்திலேயே அம்மாவை அந்த முகவரியை நான்கு தடவை சத்தமாகப் படிக்க வைத்தேன்.